கிருமித் தரப்புக் கோரிக்கை

மனிதகுலம் கிருமியோடு முதன்முதலாகப் பேசியபோது சொன்ன வாக்கியம், "உங்களை ஒருத்தர் விடாமல் ஒழித்துவிடுவோம்" என்பது. கிருமி அதற்கு, "சரிங்க" என்றது. அதோடு முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை முடிந்தது.

நடந்த இடம் கோயம்புத்தூர், அவிநாசி சாலையில் ஒரு பெரிய மருத்துவமனையின் பின்கட்டு. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளை அடக்குவதற்கென்று ஒன்பது நாடுகள் சேர்ந்து அங்கே ஒரு கூட்டாய்வு நடத்திவந்தன. புது மருந்து கண்டுபிடித்துக் கண்டுபிடித்து எல்லோருக்கும் அலுத்துவிட்டிருந்தது. வருடக்கணக்கில் பாடுபட்டு ஒன்றைக் கொண்டுவந்தால், அடுத்த மழைக்காலத்துக்குள் கிருமி அதைத் தின்று ஏப்பம் விட்டிருக்கும். கடைசியில் ஆய்வகத்தின் தலைவி டாக்டர் நாகஜோதிக்கு ஒரு யோசனை வந்தது. அடித்துப் பார்த்தாயிற்று, பேசித்தான் பார்ப்போமே.

கிருமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்பது பழைய சேதி. ஒவ்வொன்றும் ஒருவித ரசாயன வாசனையை விடும். கூட்டம் சேரச் சேர வாசனை கனக்கும். போதுமான அளவு கனத்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே முடிவு எடுக்கும். தனியாக இருக்கும்வரை சாது, கும்பல் சேர்ந்துவிட்டால் ரகளை. பஸ் மறியலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அந்த வாசனையைப் பேச்சாகவும் பேச்சை வாசனையாகவும் மாற்றுகிற ஒரு பெட்டியை நாகஜோதி செய்துவிட்டார். மிக்ஸியைவிடக் கொஞ்சம் பெரிது, சத்தம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பெட்டிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த உதவியாளர்கள் எல்லோரும் பல்லடம், சூலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஆகவே கிருமி மகா மரியாதையாகப் பேசியது.

ஒழித்துவிடுவோம் என்று சொன்னவர் பேராசிரியர் ஹெல்கா. கூட்டாய்வின் தலைவி, ஆறடி உயரம், பன்றி வளர்ப்பில் பேர்போன ஒரு நாட்டுக்காரர். இரண்டாம் சுற்றில் அவர் படம் போட்டு விளக்கினார். மூன்றாம் சுற்றில் கெடு வைத்தார். கிருமி ஒவ்வொன்றுக்கும் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் பெருகிக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு "ஆகட்டுங்க"வை நாகஜோதி சின்ன வயதில் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா வேலை பார்த்த மில்லில் முதலாளி என்ன சொன்னாலும் சங்கத்துக்காரர்கள் ஆகட்டுங்க என்பார்கள். மறுநாள் மில் ஓடாது. அந்த வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தவர் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியாக இருந்த தெய்வசிகாமணி. இப்போது ஓய்வு பெற்று சிங்காநல்லூரில் இருந்தார். நாகஜோதி அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனார்.

தெய்வசிகாமணி விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அம்மிணி, நான் போனஸ் தகராறு பாத்தவன். சீக்கு சம்பந்தமா எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்க எல்லாம் பேசித்தான் சார் இந்த லட்சணம்."

"மொதலாளிகிட்டச் சொல்லலாம், உன் மில்லு மூழ்கிப்போயிரும்னு. தொழிலாளிகிட்டச் சொல்லலாம், உன் அடுப்பு எரியாதுன்னு. கிருமிகிட்ட என்னன்னு சொல்றது? அதுக்கு அடுப்புமில்ல, மில்லுமில்ல."

உள்ளே வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்த அவருடைய மனைவி பூவாத்தாள் கத்தியோடு வாசல்நிலைக்கு வந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, எங்க செல்லமுத்து ஒடம்புல இருக்கறதும் இந்தக் கிருமிதானுங்களா?"

செல்லமுத்து பூவாத்தாளுக்கு ஒரே தம்பி. பல்லடம் ரோட்டில் சொந்தமாகப் பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருந்தான். கொட்டகைத் தகரம் காலில் கிழித்ததை ஒரு காயம் என்றே மதிக்காமல் இருந்தவனை, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதால், அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கப்போட்டிருந்தார்கள். இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. பெரிய டாக்டர் இப்போதெல்லாம் பூவாத்தாளைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறார்.

நாகஜோதி தயங்கித்தான் சொன்னார். "அதேதானுங்கம்மா. அவரு ரத்தத்துல இருந்து எடுத்ததைத்தான் தட்டுல வளத்துப் பேசிட்டிருக்கறோம்."

பூவாத்தாள் கணவரைப் பார்த்தார். கத்தி கையிலேயே இருந்தது.

"இவரு வர்றாருங்க" என்றார்.

*

தெய்வசிகாமணி ஆய்வகத்தில் நுழைந்ததும் செய்த முதல் காரியம், ஹெல்காவை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னது. ஹெல்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான்தான் இந்த ஆய்வின் தலைவி என்று அவரிடம் சொல்லுங்கள்."

"அதனாலதான் போகச் சொல்றேன்னு சொல்லுங்க அம்மிணி. ரெண்டு தரப்பையும் ஒரே ரூம்புல உக்கார வெச்சா செருப்புத்தான் பறக்கும். அந்தம்மா பக்கத்து ரூம்புல இருக்கட்டும். ரெண்டு ரூம்புக்கும் நடுவுல நான் நடந்துக்கறேன்."

இரண்டாவது காரியம், கிருமித் தரப்புக்கு டீ. கண்ணாடித் தட்டில் துளிச் சர்க்கரைத் தண்ணீரை நாகஜோதி விட்டார். தெய்வசிகாமணிக்கும் ஒரு கிளாஸ் டீ வந்தது. மூன்றாவது காரியம், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் அவர் முப்பது வருடம் சர்க்கார் சம்பளத்தில் செய்திருந்தார்; நல்ல பழக்கம்.

பெட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் போயின. ஒன்று தட்டுக்கு, மற்றது மாடியேறி செல்லமுத்துவின் கையில் இருந்த டிரிப்ஸ் ஊசிக்கு. கீழே பேசுவது மேலே தெரிய வேண்டும், மேலே நினைப்பது கீழே கேட்க வேண்டும் என்று நாகஜோதி செய்த ஏற்பாடு.

வெகுநேரம் கழித்துப் பெட்டி பேசியது. "ஏனுங்க, நீங்க எங்களை ஒழிக்கலீங்களா?"

"இல்லீங்க. சும்மா வந்தேன்."

"ஓ."

தெய்வசிகாமணி டீயை உறிஞ்சினார். "உங்க தரப்புல என்ன கொறைங்க?"

மனிதன் தோன்றிய காலத்திலிருந்து ஒரு கிருமியிடம் யாரும் கேட்காத கேள்வி அது. தட்டில் வாசனை கனத்துக்கொண்டே போனது; பெட்டியின் முள் எகிறியது. மிகப்பெரிய பொதுக்குழு நடக்கிறது என்று நாகஜோதி மெதுவாகச் சொன்னார். பிறகு கொட்டித் தீர்த்தது.

"நாங்க பாட்டுக்குச் சாக்கடையில கெடந்தோமுங்க. ஒருத்தரு வம்புக்கும் போகலை. கோழி வயித்துக்குப் போனோம். அங்க தெனமும் தண்ணித் தொட்டியில மருந்து கலந்து ஊத்துனாங்க. சீக்கு வந்த கோழிக்கு இல்லீங்க, எல்லாக் கோழிக்கும், ஒடம்புல கறி வைக்கறதுக்கு. சாகற அளவுக்கு ஊத்தியிருந்தா செத்திருப்போமுங்க. பழகற அளவுக்கு ஊத்துனாங்க. பழகிட்டோம்."

"யாரு வீட்டுக் கோழிங்க?"

"இப்பக் குடியிருக்கறோமே, இந்த வீட்டுக்காரரு கோழிதானுங்க."

தெய்வசிகாமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். மச்சினனைக் காப்பாற்ற மிச்சமிருந்த கடைசி மருந்து, மச்சினன் கோழிக்குக் கொடுத்துத் தீர்த்த மருந்துதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழகுனது சரீங்க. அந்த மனுசனை ஏன் கொல்லறீங்க?"

"கொல்லறமுங்களா?" பெட்டி நிஜமாகவே அதிர்ந்ததுபோல் இருந்தது. "நாங்க குடித்தனம் பண்ணறோமுங்க. அவருதான் சாவறாரு."

"அவரு செத்தா உங்க குடித்தனமும் போயிருமே?"

"போயிருமுங்க. ஆனா இந்த மருந்தைத் தாங்கறது இருக்குதுங்களே, அது மூட்டை தூக்கற மாதிரி. தெனமும் சொமந்துட்டே இருக்கோணும். எறக்கி வெச்சா மருந்து வந்து அடிச்சுப்போடும். மூட்டையோட இருக்கறவன் எங்கீங்க சூதானமா நடப்பான்? நீங்க கோழிக்கு ஊத்தறதை நிறுத்துங்க. நாங்க மூட்டையை எறக்கறோம். வீட்டையும் காலி பண்ணறோம்."

"ஒரு பண்ணையிலயா?"

"எல்லாப் பண்ணையிலயுமுங்க. எல்லா ஊர்லயும்."

*

பக்கத்து அறையில் ஹெல்கா இதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "யாரோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள்? சாயங்காலத்துக்குள் அந்தத் தட்டில் இருப்பதெல்லாம் செத்து, அதனுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கும்."

"மில்லுலயும் ஒப்பந்தம் போட்டவன் ரிட்டையர் ஆயிருவானுங்க. அடுத்து வர்றவனும் அதும்படிதான் நடப்பான். நீங்க உங்க ஒன்பது பேரைக் கூப்பிடுங்க."

ஒன்பது நாடுகளும் திரையில் கூடின. கோழி என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். கிருமி கொஞ்சம் யோசித்து, பன்றி, மாடு, மீன், இறால் எல்லாம் அதில் சேர்த்தி என்று விளக்கம் கொடுத்ததும் சந்தோஷம் வடிந்தது. சால்மன் மீன் நாடு, தங்கள் மீன்கள் சுதந்திரமானவை என்றது. இறால் நாட்டுக்கு இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அறுந்தது. கன்றுக்குட்டி நாடு ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்றது. ஹெல்காவுக்குப் பன்றிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தழுதழுத்தது.

இதில் வேடிக்கை, இந்த ஒன்பது பேரும் பல வருடமாகக் கூட்டாளிகள். ஆனாலும் ஒருவர் பிடித்த கிருமியை இன்னொருவருக்கு அனுப்ப வக்கீல் வேண்டும். ஒருவர் கண்டதை இன்னொருவர் பார்க்க மந்திரி கையெழுத்து வேண்டும். தெய்வசிகாமணி இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது கிருமித் தரப்பு நம்பவில்லை.

"உங்களுக்குள்ளயே குடுத்துக்க மாட்டீங்களாங்க?"

"நீங்க?"

"போற வழியில எவனாவது ஒரசுனாப் போதுமுங்க. எங்களுக்குத் தெரிஞ்ச வித்தையை அவன் கையில குடுத்துட்டுப் போயிருவோம். அவன் எந்தச் சாதிக் கிருமியா இருந்தா என்னங்க? அவனும் பொழைக்கோணுமல்ல."

தெய்வசிகாமணி இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று நாகஜோதியிடம் கையால் காட்டினார். அவர் காட்டுவதற்குள் நாகஜோதி மொழிபெயர்த்துவிட்டிருந்தார். திரையில் கொஞ்சநேரம் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

துணைக்குழு அமைந்தது. மாடியில் செல்லமுத்துவின் சிறுநீரகம் ஒத்துழைக்க மறுக்க ஆரம்பித்தது.

பூவாத்தாள் தினமும் ஒரே கேள்விதான் கேட்டார். "பேசி முடிச்சுட்டீங்களா?"

"ஒன்பது நாடு அம்மிணி. சுலபமா?"

"எனக்கு ஒன்பது நாடு வேண்டாமுங்க. ஒரு தம்பி."

தெய்வசிகாமணி அன்றைக்குத்தான் பழைய வழிக்குத் திரும்பினார். மில்கள் எல்லாம் சேர்ந்து உடன்படவில்லை என்றால் ஒரு மில்லோடு மட்டும் தனியாக முடித்துக்கொள்வது. ஒரு பண்ணை, ஒரு உடம்பு. கிருமித் தரப்பு முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. இனி முதலாளி சம்மதம்தான் பாக்கி.

முகமூடி, கவுன், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனார். செல்லமுத்து மூக்கில் குழாயோடு கண்ணைத் திறந்தான். வாட்டசாட்டமான ஆள், நனைந்த துணிபோல் கிடந்தான்.

"மச்சான். அது என்ன கேக்குது?"

"கோழிக்கு மருந்து ஊத்தறதை நிறுத்தச் சொல்லுது, மாப்ள."

"முழுசாவா?"

"முழுசா."

பக்கத்தில் இயந்திரம் டிக் டிக் என்றது. செல்லமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கணக்குப் போட்டான்.

"பாதி நிறுத்தறேன்னு சொல்லிப் பாருங்களேன்."

"மாப்ள, நீ பாதி பொழைச்சாப் போதுமா?"

செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

*

காய்ச்சல் இறங்கியது. பெரிய டாக்டர் செல்போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பூவாத்தாளோடு பேச ஆரம்பித்தார். செல்லமுத்துவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். டிரிப்ஸும் அதோடு சேர்ந்த குழாயும் கூடவே போயின. முதல்நாள் கஞ்சி குடித்தான், அடுத்தநாள் நர்ஸைக் கோபித்துக்கொண்டான். குணமாகிறது என்று எல்லோருக்கும் தெம்பு வந்தது.

பூவாத்தாள் தூக்குப்போசியில் கோழிச்சாறு கொண்டுவந்தார். மிளகு தூக்கலாகப் போட்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, எலும்பு கரையக் கொதிக்கவிட்ட சாறு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு அதைக் கொடுக்காவிட்டால் அக்கா என்று எதற்கு இருக்கிறாள்? கோழி கடையில் வாங்கியது இல்லை. சொந்தப் பண்ணை இருக்கும்போது யாராவது கடைக் கோழி வாங்குவார்களா. செல்லமுத்து போசியைச் சாய்த்து மிச்சம் வைக்காமல் குடித்தான்.

மத்தியானத்துக்குள் காய்ச்சல் மறுபடி ஏறியது.

தெய்வசிகாமணி ஆய்வகத்துக்கு ஓடினார். அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பெட்டி பேசியது. மரியாதை குறையவில்லை, சூடு மட்டும் ஏறியிருந்தது.

"சாத்துல மருந்து வாடை அடிக்குதுங்க."

"இருக்காதுங்க. நிறுத்திட்டான்."

"எங்களுக்கு அந்த வாடை தெரியாதுங்களா? அதுல பொறந்து வளந்தவிங்க நாங்க. கொதிக்க வெச்சாலும் போகாதுங்க."

அவர் படியேறி வார்டுக்குப் போனார். செல்லமுத்து போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். பூவாத்தாள் காலி போசியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"மாப்ள. பண்ணையில மருந்து நிறுத்தியாச்சா?"

"நிறுத்தச் சொல்லிட்டனுங்க மச்சான்."

"எப்பிருந்து?"

செல்லமுத்து சுவர்ப்பக்கம் திரும்பினான். "அடுத்த பேட்ச்ல இருந்து. இந்தப் பேட்ச் புடிச்சு விக்கற பருவத்துல நிக்குதுங்க மச்சான். நடுவுல நிறுத்துனா எடை நிக்காது. அதுக்கு எப்படித் தெரியும்னு..."

பூவாத்தாள் மடியிலிருந்த போசியைக் கீழே வைத்தார். போசியின் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அந்த மூடியாலேயே தம்பியின் முதுகில் ஒன்று போட்டார். நோயாளியை அடிக்கக்கூடாது என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"அதை எம் கையால காய்ச்சிக் குடுத்தனேடா" என்றார் பூவாத்தாள். அதற்குப் பிறகு மூடி கைநழுவி உருண்டு போனது, யாரும் எடுக்கவில்லை.

கிருமித் தரப்போடு அன்றைய பேச்சு நீண்டுவிட்டது. தெய்வசிகாமணி தன் தரப்பு தப்பு என்று ஒத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். மில் தகராறுகளில் எத்தனையோ முதலாளிகளை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். தானே கேட்பது இவ்வளவு கசக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"உங்க மேல வருத்தம் இல்லீங்க" என்றது பெட்டி. "அவரு மேல நம்பிக்கை இல்லீங்க. ஒண்ணு பண்ணலாம். ரத்தத்தைக் காலி பண்ணிட்டுப் போயிடறோம். வயித்துல மட்டும் கொஞ்சம் பேரு தங்கிக்கறோம். கண்காணிப்புக் குழு. மருந்து வாடை வந்தா மறுபடி மேல ஏறுவோம். வரலைன்னா சோத்தைத் தின்னுட்டுச் சும்மா இருப்போம்."

"அவன் மருந்தைத் தொட்டாலே தெரிஞ்சுருமா?"

"கையில ஒட்டுனது வாய்க்குப் போகாம இருக்குமுங்களா? அவரு சாப்பிடற லட்சணத்துக்கு."

இப்படியாகப் பல்லடம் வட்டாரத்தில் ஒரே ஒரு யோக்கியமான கோழிப் பண்ணைக்காரன் உருவானான். வீட்டுக்கு வந்த செல்லமுத்து மருந்து டப்பாக்களை இடுக்கியால் பிடித்து விற்றவனிடமே திருப்பிக் கொடுத்தான். கொட்டகையில் பாதிக் கோழி வைத்து, உமியைக் காயவைத்து, காற்றோட்டம் விட்டான். மருந்து விற்கிறவன் மோட்டார் பைக் சத்தம் கேட்டாலே செல்லமுத்துவின் வயிறு கடமுடா என்று ஓர் எச்சரிக்கை கொடுக்கும். அவன் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவான்.

*

செல்லமுத்துவைப் பார்க்க ஒன்பது நாட்டுப் பிரதிநிதிகளும் நேரிலேயே வந்தார்கள். அவன் ரத்தத்தைச் சோதித்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், போட்டோ பிடித்தார்கள். மூட்டையை இறக்கியது வாஸ்தவம். அவன் உடம்பில் இருந்த கிருமி இப்போது பழைய ஓட்டை மருந்துக்கே செத்துவிடும் நிலையில் இருந்தது. அபூர்வமான முடிவு என்றார்கள். அடுத்து என்ன என்று தெய்வசிகாமணி கேட்டார். இன்னும் பெரிய ஆய்வு, ஐந்து வருடம், பிறகு பரிந்துரை என்றார் ஹெல்கா. சொல்லும்போது அவரே தரையைப் பார்த்தார்.

"அதுவரைக்கும்?" என்றார் நாகஜோதி. "மேல மூணாவது மாடியில பதினாறு வயசுப் பொண்ணு ஒண்ணு இதே மாதிரி கெடந்து போன வாரம் போச்சு. அது ஒடம்புக் கிருமிகிட்டப் பேச ஒரு பெட்டிதான் இருந்துச்சு, அது இவருக்கு மாட்டியிருந்துச்சு."

தெய்வசிகாமணி அதற்குமுன் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அவர் எழுந்து பெட்டி இருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"எல்லாரும் நாளைக்கு நம்ம வீட்டுல சாப்பிடோணும்" என்றார். "மாப்ள பொழைச்சு வந்ததுக்கு விருந்து."

சிங்காநல்லூர் வீட்டு மாடியில் பந்தல் போட்டு, பாய் விரித்து, தலைவாழை இலை போட்டார்கள். முதல் இலையில் தெய்வசிகாமணி உட்கார்ந்தார். விருந்தாளிகள் இருக்க வீட்டுக்காரர் முதலில் உட்காருவதா என்று பூவாத்தாளுக்கு முகம் சுண்டியது. அடுத்தடுத்த இலைகளில் ஒன்பது நாடும் காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்தன. பரிமாறியவன் செல்லமுத்து, ஒற்றை ஆளாக. கரண்டியால் பரிமாறினால் மனசு ஒட்டாது என்று மச்சான் சொல்லியிருந்ததால், பொரியலையும் வடையையும் அப்பளத்தையும் கையாலேயே அள்ளி அள்ளி வைத்தான். கை கழுவினாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய படிப்புப் படித்தவர் ஹெல்கா. அவர் பாயசத்தில் கவனமாக இருந்தார்.

செல்லமுத்து வயிற்றுக் கண்காணிப்புக் குழு அவன் கைவழியாக இலை இலையாகக் குடியேறுகிறது என்று நாகஜோதிக்குப் பாதி விருந்தில் விளங்கிவிட்டது. அவர் கை சோற்றின் மேலேயே நின்றது.

"சார்" என்றார் தணிந்த குரலில். "இது குற்றம்."

"குற்றந்தானுங்க அம்மிணி."

"அவங்களைக் கேக்கவே இல்லை."

"கோழியையும் யாரும் கேக்கலீங்க. அந்த மூணாவது மாடிப் பொண்ணையும் கேக்கலை." அவர் தன் இலையில் இருந்த வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "அதனாலதான் நான் மொத எலையில உக்காந்தேன்."

நாகஜோதி எதிர்ப் பந்தியைப் பார்த்தார். சால்மன் நாட்டுக்காரர் இன்னொரு அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தார். நாகஜோதி இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் மேற்கொண்டு சாப்பிடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு தெய்வசிகாமணியோடு அவர் பழையபடி சிரித்துப் பேசியதும் இல்லை.

மற்றதெல்லாம் பேப்பரில் வந்ததுதான். பிரதிநிதிகள் ஊர் திரும்பி அவரவர் மந்திரிகளோடு கைகுலுக்கினார்கள். அந்த ஊர்களில் எதற்கெடுத்தாலும் கைகுலுக்குவார்கள். பன்றி நாட்டில் பண்ணை மருந்தை நிறுத்தும் மசோதாவைத் தள்ளிவைக்கலாம் என்று எழுந்த ஒரு மந்திரிக்கு, முந்தின நாள் பண்ணையொன்றில் விருந்து சாப்பிட்டு வந்தவர், பேச்சின் நடுவிலேயே நடுக்கம் கண்டது. வாபஸ் வாங்கிப் பன்றிக்கறியையும் விட்டதும் நின்றது. இறால் நாட்டுக்கு இணைப்பு அறுவது அடியோடு நின்றுபோனது. துணைக்குழு கலைந்தது. ஒன்பது நாடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. மற்ற நாடுகள் ஏன், எப்படி என்று கேட்டு ஆள் அனுப்பின. வந்தவர்களுக்கும் ஹெல்கா கைகுலுக்கி வரவேற்புக் கொடுத்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றும், தெரியாதமாதிரி இருக்கிறார் என்றும் தெய்வசிகாமணி நினைத்துக்கொண்டார்.

*

கொஞ்சகாலம் கழித்து ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெட்டியைப் பிரிக்கப்போகிறார்கள், கடைசியாக ஒருமுறை பேசுகிறீர்களா என்று. தெய்வசிகாமணி போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சர்க்கரைத் தண்ணீர் விட்டார்கள்.

"எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க. நீங்க யாருங்க?"

"ஒப்பந்தம் பேசுனவன்."

"எந்த ஒப்பந்தமுங்க?"

அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுக்காரரைத் தொந்தரவு பண்ணாம இருக்கறீங்களே. அது எதனாலன்னு தெரியாதுங்களா?"

"அதுங்களா. அது வழிவழியா அப்படித்தானுங்க. ரத்தத்துல ஏறக்கூடாது, மூட்டை சொமக்கக்கூடாதுன்னு பெரியவிங்க சொல்லியிருக்கறாங்க. எதுக்குன்னு யாருக்கும் ஞாபகமில்லீங்க." பெட்டி தயங்கியது. "இப்ப சிறுசுக சிலது ஏன், எதுக்குன்னு கேக்குதுங்க. ஏறித்தான் பாப்பமேங்குதுக. நீங்க பெரிய மனுசராட்டம் தெரியறீங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

செல்லமுத்து அந்த நேரத்துக்குப் பண்ணையில் கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பான். பூவாத்தாள் அவனுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணி உள்ளதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். ஒப்பந்தம் என்றால் சிறுசுகள் மறுபடி பேச்சுவார்த்தைக்கு வரும்; கோரிக்கை வைக்கும்; பெட்டியும் இருக்காது. காரணம் சொன்னால் எதிர்க்காரணம் வரும். முப்பது வருடம் தொழிலாளர் சட்டம் படித்தவர், எந்தக் கோயிலிலும் செருப்பைக் கழற்றாதவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாமி குத்தம் ஆயிருமுங்க."

வாசனை சட்டென்று அடங்கியது. முள் கீழே வந்து ஆடாமல் நின்றது.

"எந்தச் சாமிங்க?"

"செல்லமுத்துச் சாமி."

பிறகு பெட்டி, ரொம்பப் பணிவாக, "அவருக்கு என்னங்க படைக்கறது?" என்று கேட்டது.

"ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார் தெய்வசிகாமணி. "கோழி மட்டும் ஆகவே ஆகாது."